பிரசவ வாயிலில் ஒரு பரிசோதனை

ஒரு மாநகரம் முழுவதும் கதவடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒடுங்கிவிட்ட காலத்திலும் ஒத்திப்போட இயலாத காரியங்கள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது பிரசவம். கண்புரை அறுவையை ஆறு மாதம் தள்ளி வைக்கலாம். மூட்டு மாற்றும் சிகிச்சையை அடுத்த ஆண்டுக்கு என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வலி கண்டு வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து, தொற்றுநோய் அடங்கட்டும், அப்புறம் வா என்று சொல்ல எந்த வைத்திய சாஸ்திரத்திலும் இடமில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயார்க் நகரத்தின் பள்ளிக்கூடங்களும் நாடக அரங்குகளும் உணவு விடுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, மன்ஹாட்டன் தீவின் வடகோடியிலிருக்கும் ஆலன் ஆஸ்பத்திரியிலும், அதற்குச் சற்றுத் தெற்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியிலும், பிரசவ வார்டுகள் மட்டும் வழக்கம்போல் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருந்தன.

அந்த வார்டுகளுக்கு அந்நாட்களில் வந்தவர்களைப் பற்றி அங்கிருந்த வைத்தியர்கள் எழுதிய முதல் அறிக்கைகளில் இரண்டு பெண்களின் வரலாறு ஊன்றிப் படிக்கத் தக்கது. இருவரும் வேறு உடல்நலக் காரணங்களை முன்னிட்டு, மருந்து கொடுத்துப் பிரசவ வலியை வரவழைப்பதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள். ஜுரம் இல்லை, இருமல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இல்லை என்றே விடையளித்தார்கள், அந்த விடைகளில் பொய்யும் இல்லை. பிரசவம் ஆன பின்னரே நோய் தலைகாட்டியது. இருவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக நேர்ந்தது. அதற்குள் அவர்களுடைய படுக்கையருகே நின்று கையைப் பிடித்துக்கொண்டவர்களும், மயக்கமருந்து கொடுத்தவர்களும், குழந்தையை ஏந்தி வாங்கியவர்களுமாகப் பல ஊழியர்கள், நோய் இருக்கக்கூடும் என்ற எண்ணமே இல்லாமல், போதிய கவசமின்றி அவர்களோடு நெருங்கிப் பழகியிருந்தார்கள். கேள்வி கேட்டு நோயை அறியும் முறை எத்தனை ஜாக்கிரதையாகக் கையாளப்பட்டாலும், தனக்கே தெரியாத ஒன்றை ஒரு பெண் எவ்வாறு சொல்லுவாள்?

ஆகவே மார்ச் 22-ஆம் தேதியிலிருந்து, பிரசவத்துக்கென்று வந்து சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், நோய்க்குறி உண்டோ இல்லையோ, மூக்கின் உட்கோடியிலிருந்து குச்சியால் மாதிரி எடுத்துக் கொரோனா வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஏப்ரல் 4 வரையிலான இரண்டு வாரங்களில் அவ்விரண்டு ஆஸ்பத்திரிகளிலும் பிரசவித்தவர்கள் 215 பேர். அவர்களில் ஜுரமோ வேறு குறியோ தோன்ற வந்தவர்கள் நால்வர்தாம்; நால்வருக்கும் தொற்று இருந்தது. எஞ்சிய 211 பேரில் 210 பேருக்குப் பரிசோதனை நடந்தது. தேகத்தில் ஒரு தொந்தரவும் இல்லாத அந்த 210 பேரில் 29 பேருக்குத் தொற்று இருப்பதாகத் தெரிந்தது. ஏப்ரல் 13-ஆம் தேதி அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ வார இதழான ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிஸின்’ இதனை ஒரு சிறு கடிதமாக வெளியிட்டது. பக்க அளவில் சிறியதேயாயினும், அக்கடிதத்தைப் போல உலகெங்கும் பிரசவ வார்டுகளின் நடைமுறையைச் சில நாட்களுக்குள் அசைத்துவிட்ட எழுத்துகள் அதிகம் இரா.

கணக்கை இன்னொரு முறை நிதானமாகப் பார்ப்போம். பழைய முறைப்படி ஜுரமும் இருமலும் உள்ளவர்களை மட்டும் சோதித்திருந்தால் நால்வர் அகப்பட்டிருப்பார்கள். எல்லோரையும் சோதித்ததால் 33 பேர் அகப்பட்டார்கள். அதாவது, நோயைச் சுமந்து அந்த வாயிலைக் கடந்தவர்களில் எட்டில் ஏழு பேருக்கு மேல், கேள்வித்தாள் என்னும் கண் பெருத்த சல்லடையின் வழியே ஓசையின்றி விழுந்து போயிருப்பார்கள். இவர்கள் எவரும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது வைரஸ்.

பிரசவ அறையின் தன்மையை அறிந்தவர்களுக்கு இதன் விபரீதம் விளங்கும். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் ஐந்து நிமிஷம் மேஜைக்கு அப்புறமிருந்து பேசி அனுப்பிவிடலாம். பிரசவமோ பல மணி நேரம் நீடிப்பது. முதற்பிரசவமானால் ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகலாம். அத்தனை நேரமும் நர்ஸ் ஒருத்தி பெண்ணின் முகத்துக்கு ஓரடி தூரத்தில் நிற்கிறாள். கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண் மூச்சை அடக்கி முக்குகிறாள், வலி தாங்காமல் அலறுகிறாள், பெருமூச்சு விடுகிறாள். அந்நிலையில் முகக்கவசத்தை ஒழுங்காக அணிந்திரு என்று அவளுக்குச் சொல்லுவது கேலிக்கூத்து. திடீரென்று குழந்தையின் நாடித்துடிப்பு தளர்ந்தால் அவசரமாகச் சிசேரியன் செய்யவேண்டும். சில சமயம் முழு மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் செலுத்தவேண்டும். காற்றில் பரவும் நோய்க்கு அதைவிட வாகான தருணம் கிடையாது. எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராத அவசரம் நேர்வதே பிரசவத்தின் இயல்பாதலால், தேவைப்படும்போது சோதித்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. உள்ளே வரும்போதே விடை தெரிந்திருக்க வேண்டும். அந்த மார்ச் மாதத்தில் என்-95 என்னும் உயர்ரகக் கவசங்களுக்கு இருந்த பஞ்சத்தை எண்ணிப் பார்த்தால், எந்த அறைக்குள் நுழையும்போது அதை அணியவேண்டும் என்று தெரிவதே பெரிய லாபம்.

இந்தப் பரிசோதனைக்கு ஆதாரமாயிருப்பது பி.சி.ஆர். என்ற முறை. 1983-இல் கேரி முல்லிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி வகுத்து, பத்து ஆண்டுகளுக்குப்பின் அதற்காக நோபல் பரிசும் பெற்ற இம்முறையில், கண்ணுக்கோ சாதாரணக் கருவிக்கோ எட்டாத அற்ப அளவு மரபணுத் துணுக்கை, சூடாக்கியும் குளிரவைத்தும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி, கோடிக்கணக்கில் பெருக்கி, இருக்கிறது என்று தெரியும்படி செய்துவிடுகிறார்கள். கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆதலால், முதலில் அதை டி.என்.ஏ.யாக மாற்றிக்கொள்ளும் ஒரு படி கூடுதலாகத் தேவை. இத்தனை நுட்பமான முறைக்கும் குறைகள் உண்டு. நியூயார்க் கணக்கிலேயே, சேரும்போது தொற்று இல்லை என்று விடை வந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப்பின் நோய்க்குறிகள் தோன்ற, முதற்சோதனைக்கு மூன்று நாட்கள் கழித்து மறுபடி பார்த்தபோது தொற்று உண்டு என்று வந்தது. இதற்கு மறுதலையாக, என்றோ வந்து தானே ஆறிப்போன தொற்றின் உயிரற்ற மிச்சங்களைக்கூட இது கண்டுபிடித்து, பரப்பும் சக்தியற்ற ஒருத்தியைத் தனியறையில் அடைக்கவும் காரணமாகலாம். 

தொற்று உள்ளதென்று தெரிவது மட்டும் வைத்தியரின் வேலையை எளிதாக்கிவிடுகிறது என்றும் எண்ணவேண்டாம். நோய்க்குறியின்றி வந்த 29 பேரில் மூவருக்கு வீடு திரும்புமுன் ஜுரம் கண்டது. கொரோனாவினால் வந்ததா, அல்லது பிரசவத்துக்குப்பின் கர்ப்பப்பையில் கிருமி சேர்ந்து வருவதா? பின்னது பல நூற்றாண்டுகளாகத் தாய்மார்களைக் கொன்றுவந்த ஜுரம்; அதைக் கொரோனா என்று எண்ணி வாளாவிருக்க முடியாது. மூவரில் இருவருக்குக் கர்ப்பப்பை அழற்சி என்ற அனுமானத்தின் பேரில் ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தார்கள். ஒரு சோதனைத் தாள் சொல்லும் விடை வைத்தியரின் விவேகத்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

இடத்துக்கு இடம் நிலைமை வேறுபடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் தென்பகுதி ஆஸ்பத்திரிகளில் அதே வசந்தகாலத்தில் இவ்வாறே எல்லோரையும் சோதித்தபோது, நோய்க்குறியற்ற தொற்று நூற்றுக்கு மூன்று பேரளவில்தான் இருந்தது. நோய் மலிந்த இடத்தில் பொன்போன்ற பயனைத் தரும் சோதனை, நோய் அரிதான இடத்தில் செலவுக்கும் சிரமத்துக்கும் ஈடு தருமா என்பது அவ்வவ்விடத்தார் அவ்வப்போது தீர்மானிக்கவேண்டிய விஷயம்.

யாரைச் சோதிப்பது, யாரை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் கண் பிழைபடும் என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்டது 2020-இல்தான் என்பதில்லை. அதற்கு முன்பே இரண்டு வைரஸ்கள் அந்தப் பாடத்தைக் கற்பித்திருந்தன; அவ்விரண்டும் கொரோனாவைப் போலக் காற்றில் வருவன அல்ல, தாயின் இரத்தத்திலிருந்து சேய்க்குச் செல்வன.

முதலாவது ஹெபடைடிஸ் பி எனப்படும் கல்லீரல் அழற்சி வைரஸ். பரூச் பிளம்பர்க் என்ற அமெரிக்கர் 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இதன் மேலுறைப் புரதத்தைக் கண்டார். 1976-இல் நோபல் பரிசும் பெற்றார். வயது வந்தவர் உடம்பில் இந்த வைரஸ் புகுந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தேகம் அதை விரட்டிவிடுகிறது. நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிரந்தரமாகத் தங்குகிறது. பிறக்கும் தறுவாயில் தொற்றிய சிசுவிடமோ கணக்கு தலைகீழ்: நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் ஆயுள் முழுவதும் தங்கி, நாற்பது ஐம்பது வயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. தாய் நன்றாக இருப்பாள், குழந்தையும் கொழுகொழுவென்று வளரும்; இரண்டு தலைமுறை இடைவெளிக்குப்பின் வரும் துயரத்துக்கு வித்திட்ட கணம் பிரசவ அறையில் கழிந்துபோயிருக்கும். பால்மர் பீஸ்லி முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதைத் தைவான் தீவில் விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டினார்கள். அதன் பயனாக 1984-ஆம் ஆண்டு ஜூலையில், கர்ப்பிணிகளைச் சோதித்து, வைரஸைச் சுமக்கும் தாய்மார்களின் சிசுக்களுக்குப் பிறந்தவுடன் தடுப்பூசி போடும் திட்டத்தை அந்நாட்டு அரசாங்கம் தொடங்கி, இரண்டாண்டுகளில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தது. தைப்பே நகரக் குழந்தைகளிடையே நூற்றுக்குப் பத்தளவில் இருந்த நிரந்தரத் தொற்று பத்தே ஆண்டுகளில் ஒன்றரைக்கும் கீழே இறங்கிற்று; ஆறு முதல் பதினான்கு வயதுச் சிறார்களிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்பதற்கு உலகம் கண்ட முதல் பிரத்தியட்சப் பிரமாணம் அது.

அதே 1984-இல் அமெரிக்க அதிகாரிகளும் கர்ப்பிணிகளைச் சோதிக்கச் சொன்னார்கள். ஆனால் எல்லோரையும் அல்ல. ஆசியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள், போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள், இரத்தத்தோடு பழகும் தொழிலாளர்கள் என்று அபாயம் மிகுந்த கூட்டங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதில் அடங்குபவர்களை மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள். சிக்கனமான யோசனை. நாலாண்டு அனுபவம் சொன்னது யாதெனில், இப்பட்டியல் வைரஸைச் சுமந்த தாய்மார்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரைத் தவறவிட்டுவிட்டது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கௌரவமான குடும்பப் பெண்ணைப் பார்த்து, நீ ஊசி போட்டுக்கொள்வதுண்டா என்று கேட்க வைத்தியர் கூசினார். கேட்டாலும் அவள் சொல்லக் கூசினாள். பலரிடம் சொல்லுவதற்கு ஒன்றும் இருக்கவும் இல்லை. 1988-இல் பட்டியலைக் கைவிட்டு, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்று விதி மாறிற்று.

இரண்டாவது எச்.ஐ.வி. இதன் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் முதன்முதலாக இவ்வைரஸைக் கண்டறிந்தார்கள். பின்னர் அதே சுனிதி சாலமன் நிறுவிய சிகிச்சை நிலையத்துக்குத் தொற்றோடு வந்த பெண்களை ஆராய்ந்தபோதோ, அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணவர் ஒருவரையன்றி வேறு எவரையும் அறியாத இல்லத்தரசிகளாகவே இருந்தார்கள். அபாயம் உள்ளவள் யார் என்று முகத்தையும் ஒழுக்கத்தையும் பார்த்துத் தீர்மானிக்கப் புகுந்தால், காப்பாற்றப்பட வேண்டியவர்களே முதலில் விடுபட்டுப் போவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்கே கிடைக்கும்?

மீண்டும் நியூயார்க்குக்கு வருவோம். பரிசோதனையின் அறத்தைப் பற்றிய விசித்திரமான அத்தியாயம் ஒன்று அங்கேதான் நடந்தது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஒவ்வொரு சிசுவின் குதிகாலிலிருந்தும் எடுத்த இரத்தத் துளியில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பெயரை நீக்கிவிட்டுப் பார்த்துவந்தார்கள். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சேய்க்குச் செல்லுவதால், சிசுவைச் சோதிப்பது உண்மையில் தாயைச் சோதிப்பதே. நோய் எந்த வட்டாரத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அரசாங்கம் அறிந்துகொள்வதற்காக நடந்த கணக்கெடுப்பு அது. பெயர் நீக்கப்பட்டதால் எந்தத் தாய், எந்தக் குழந்தை என்று எவருக்கும் தெரியாது, தெரிவிக்கவும் வழி கிடையாது. சிகிச்சை ஏதும் இல்லாத காலத்தில் அந்தரங்கத்தைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடு நியாயமாகவே தோன்றியிருக்கலாம். ஆனால் 1994-இல் நிலைமை மாறிற்று. ஜிடோவுடின் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்திலும் பிரசவ சமயத்திலும் தாய்க்கும், பிறந்தபின் ஆறு வாரம் சிசுவுக்கும் கொடுத்தால், தொற்றும் விகிதம் நூற்றுக்கு 25.5-இலிருந்து 8.3-ஆகக் குறைகிறது என்று ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. அதன் பிறகும், ஆய்வுக்கூடத்து ஏடுகளில் எண்ணிக்கையாகப் பதிவான குழந்தை, தன் நோய் இன்னதென்று தாயும் அறியாமல் வைத்தியரும் அறியாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த நெட்டி மேயர்சன் என்ற சட்டமன்ற உறுப்பினர் இந்த நிலையைக் கண்டு கொதித்தெழுந்தார். பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்ட இயக்கங்களும் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக வாதாடியவர்களும், கட்டாயச் சோதனை வந்தால் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே அஞ்சுவார்கள் என்று எதிர்த்தார்கள். அந்த அச்சம் அற்பமானதன்று. எதிர்ப்பையும் மீறி 1996-இல் சட்டம் நிறைவேறியது. 1997 பிப்ரவரி முதல் சிசுக்களின் சோதனை விடையைத் தாய்மார்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். பிறந்தபின் சொல்லுவதால் மருந்தின் முழுப்பயன் கிட்டாது என்பது விரைவிலேயே விளங்கியது. 1999 ஆகஸ்டிலிருந்து, கர்ப்ப காலத்தில் சோதித்துக்கொண்டதற்குச் சான்று இல்லாமல் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு அங்கேயே துரிதமாகச் சோதனை என்ற விதி வந்தது. என் அபிப்பிராயத்தில், அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அறிய வேண்டியவளிடமிருந்தே உண்மையை மறைத்து வைத்த அந்தக் கணக்கெடுப்பு, நல்லெண்ணத்தால் விளைந்த கொடுமை. எதிர்த்தவர்களின் வாதத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். சம்மதம் என்ற ஒன்றைக் கேட்டுச் செய்தால் பெண்கள் மறுப்பார்களா என்பதுதான் அவர்களுக்கும் சட்டத்தை ஆதரித்தவர்களுக்கும் இடையே நின்ற கேள்வி.

அக்கேள்விக்கு விடை அளித்தது 2001 முதல் 2003 வரை அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 16 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி. எச்.ஐ.வி. நிலை தெரியாமல் பிரசவத்துக்கு வந்த பெண்களிடம், வலிகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வில், விஷயத்தை எடுத்துச் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். நூற்றுக்கு 84 பேர் சம்மதித்தார்கள். சோதிக்கப்பட்ட 4,849 பேரில் 34 பேருக்குத் தொற்று தெரிந்தது. பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் விடை வர 28 மணி நேரம் ஆகும் காலத்தில், படுக்கையருகே செய்யும் துரித சோதனை 66 நிமிஷத்தில் விடை தந்தது. பிரசவம் நமக்காக 28 மணி நேரம் காத்திருக்காது; 66 நிமிஷம் பெரும்பாலும் காத்திருக்கும்.

எல்லா வைரஸ்களுக்கும் இவ்வாறு வாயிலில் காவல் வைக்க வேண்டியதுதானா என்று வாசகர் கேட்கலாம். 1968-இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய பிரசித்தமான நூல் இதற்குச் சில நியமங்களை வகுத்தது: நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், நம்பத்தக்க சோதனை இருக்க வேண்டும், கண்டுபிடித்தால் செய்வதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். சைட்டோமெகலோ என்ற வைரஸ் தாயிடமிருந்து கருவுக்குச் சென்று குழந்தைகளின் செவிப்புலனைக் கெடுப்பதில் முன்னணியில் நிற்பது. ஆயினும் கண்டறிந்தபின் கொடுக்க நல்ல மருந்து நெடுங்காலம் இல்லாததால், பெரும்பாலான நாடுகள் அதற்கு எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிப்பதில்லை. கையில் பரிகாரம் இல்லாமல் ஒரு பெண்ணிடம் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது.

கொரோனாவின் ஆரம்ப நாட்களில் பரிகாரம் என்ற பெயரில் நிகழ்ந்தவற்றுள் சில, நோயைவிடக் கடுமையானவை. தொற்று உண்டு என்று விடை வந்தால் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து சிறிது காலம் பிரித்து வைப்பதை யோசிக்கலாம் என்று அமெரிக்க அதிகாரிகள் அப்போது கூறினார்கள். உலக சுகாதார ஸ்தாபனமோ தாயும் சேயும் ஒன்றாகவே இருக்கட்டும், தாய்ப்பாலும் கொடுக்கட்டும் என்றது. வழக்கைத் தீர்த்து வைத்ததில் நியூயார்க்குக்கே பங்குண்டு. அங்கே மூன்று ஆஸ்பத்திரிகளில் மார்ச் 22 முதல் மே 17 வரை நடந்த 1,481 பிரசவங்களில் 116 தாய்மார்களுக்குத் தொற்று இருந்தது. அவர்களுடைய 120 சிசுக்களையும் ஒரு நாள் வயதில் சோதித்தார்கள். ஒன்றுக்கும் தொற்று இல்லை. முகக்கவசம் அணிந்தும், கையையும் மார்பையும் கழுவியும் தாய்மார்கள் பாலூட்டினார்கள். தொடர்ந்து கவனிக்கப்பட்ட 82 சிசுக்களில் 68 தாயின் அறையிலேயே இருந்தன. ஒரு வார அளவில் மறுபடி சோதிக்கப்பட்ட 79 சிசுக்களிலும் ஒன்றுக்கேனும் தொற்று இல்லை. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் பிரித்து வைக்கும் யோசனையைக் கைவிட்டது. பரிசோதனை என்பது விடையோடு முடிவதில்லை. விடை கிடைத்தபின் அந்தத் தாயை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் அதன் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன. கணவரோ தாயாரோ ஒருவரும் உடனிருக்கக் கூடாது என்று தொற்றுக்கு அஞ்சி நியூயார்க்கின் சில பெரிய ஆஸ்பத்திரிகள் அதே மார்ச் மாதத்தில் விதித்த தடையை, மார்ச் 28-ஆம் தேதி மாநில ஆளுநரே உத்தரவிட்டு நீக்கவேண்டியிருந்தது.

நம் நாட்டில் விபரீதம் வேறு உருவில் வந்தது. 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோய் பரவிய இடங்களிலிருந்து வலி கண்டு வரும் கர்ப்பிணிகளையும், ஐந்து நாட்களுக்குள் பிரசவிக்கக்கூடியவர்களையும், நோய்க்குறி இல்லாவிடினும் சோதிக்க வேண்டும் என்று அறிவித்தது. சோதிக்க வசதியில்லை என்ற காரணத்துக்காக எந்தப் பெண்ணையும் வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது என்றும் அதனோடு சேர்த்தே சொன்னது. மே 18-ஆம் தேதி வெளியிட்ட அறிவிப்பில், சோதனை ஆகவில்லை என்பதற்காகப் பிரசவம் முதலிய எந்த அவசரச் சிகிச்சையையும் தாமதப்படுத்தக் கூடாது என்று இன்னும் வெளிப்படையாகக் கூறிற்று. விதி நல்ல விதிதான். எனினும் அடுத்த மாதமே தில்லிக்கு அருகில் நொய்டா வட்டாரத்தில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரை அவர் குடும்பத்தார் ஏறத்தாழ 13 மணி நேரம் எட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு அலைந்தும் சேர்த்துக்கொள்வார் இன்றி, அவர் ஆம்புலன்சிலேயே உயிர்நீத்தார். மறுத்தவர்கள் சொன்ன காரணங்கள் பலவாயிருக்கலாம். தொற்றைப் பற்றிய அச்சம் ஆஸ்பத்திரி வாயிலில் வந்து உட்கார்ந்துகொண்ட காலத்தில், உள்ளே வந்த பெண்ணைப் பத்திரமாகக் கவனிக்க உண்டான சோதனையும் சந்தேகமும், அவளை வெளியே நிறுத்துவதற்கான சாக்காகவும் எளிதில் மாறிவிடக்கூடும்.

கொரோனாவுக்கு எல்லோரையும் சோதிக்கும் வழக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. தடுப்பூசி பரவி, நோயின் கொடுமையும் தணிந்தபின், 2022 டிசம்பரில் ஆஸ்பத்திரித் தொற்றுத்தடுப்பு நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமே, நோய்க்குறி இல்லாதவர்களைச் சேர்க்கும்போது வழக்கமாகச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தேவை தீர்ந்ததும் நிறுத்தத் தெரிந்ததைப் பாராட்ட வேண்டும். தொடங்கிய சடங்கை நிறுத்தும் வழக்கம் ஆஸ்பத்திரிகளுக்கு அவ்வளவாகக் கிடையாது.

எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் அவ்வாறு நிறுத்தக் காலம் இன்னும் வரவில்லை. நம் நாட்டில் கர்ப்பம் தெரிந்து முதல்முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போதே இவ்விரண்டுக்கும் இரத்தம் பார்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு; அந்த விடைகள் எழுதிய அட்டையையும் தாள்களையும் பிரசவத்துக்குப் போகும்போது மறவாமல் எடுத்துக்கொண்டு போவது நல்லது. அவை இல்லாமல், முன்பின் எந்த வைத்தியரையும் பார்த்திராமல், நேரே வலியோடு வந்து சேரும் பெண்ணுக்குப் பிரசவ வார்டிலேயே விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனை நடக்கிறது, தொற்று தெரிந்தால் அவளுக்கு அப்போதே மருந்து தொடங்கி, பிறந்ததும் சிசுவுக்கும் கொடுக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தாயிடம் இருப்பது தெரிந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியையும் 12 மணி நேரத்துக்குள் போடவேண்டும். இரண்டையும் உரிய நேரத்தில் போட்டுவிட்டால், தாய் தொற்றோடு இருந்தாலும், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் அவ்வைரஸிலிருந்து தப்பிவிடுகின்றன. தாய் தாராளமாகப் பாலூட்டவும் செய்யலாம்.